விசில்காரத் தம்பி வீட்டுக்குப் போய் வந்தேன்

இலங்கையிலிருந்து கப்பல் ஏறுகிறவர்கள் கோயில் பார்க்கப் போவார்கள். சிலர் சும்மா கடல் பார்க்கப் போவார்கள். நான் என் தம்பியைப் பார்க்கப் போனேன். மதுரைக்குப் போய்விட்டு அவனைப் பார்க்காமலே திரும்பியவர்கள் எங்கள் சொந்தத்தில் நிறைய உண்டு. மீனாட்சியையாவது நடை திறக்கும் நேரம் தெரிந்து போனால் பார்த்துவிடலாம். ராமையாவுக்கு நடை திறக்கும் நேரம் என்று ஒன்று கிடையாது. மைதானத்தில் இருப்பான், இல்லாவிட்டால் மைதானத்துக்குப் போய்க்கொண்டிருப்பான்.

ராமையா ஒரு காலேஜில் வாலிபால் கோச். நடுவில் ஒரு வலையைக் கட்டி, இந்தப் பக்கத்துக்காரன் கையால் தட்டிய பந்தை அந்தப் பக்கத்துக்காரன் தரையில் விழாமல் திருப்பித் தட்டுகிற ஆட்டம். அதைச் சொல்லிக் கொடுக்கத்தான் சம்பளம். சண்டைக்கு முன்னாலிருந்தே அவன் டீம் கோப்பை வாங்குகிறது. கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு விழுந்து நாங்கள் மாத்தளையில் விளக்கைக்கூட அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்த வாரம், அவனிடமிருந்து ஒரு தந்தி வந்தது. நாங்கள் உயிரோடு இருக்கிறோமா என்று கேட்கிறானாக்கும் என்று நடுங்கிக்கொண்டே பிரித்தோம். கப் நமக்கே என்று இருந்தது.

என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. எழுதச் சொன்னால் கை கூசும், பேசச் சொன்னால் வாய் கூசும். ஆம்பளைகள் நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குக் குரலே எழும்பாது. இரண்டில் கை கொஞ்சம் தேவலை என்பதால் இதை எழுதுகிறேன்.

போனது இரண்டு காரியத்துக்காக. ஒன்று, எங்கள் ஆத்தாளின் முதல் வருஷத் திதி. மற்றது ராமையாவின் ஒரே மகள் பொன்னுத்தாயின் கல்யாணம். மாப்பிள்ளை வேலு மாத்தளையில் எங்கள் ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறவன். அலங்காநல்லூர்ப் பிள்ளை, எங்கள் சனம். லீவில் ஊருக்குப் போயிருந்தான், பங்குனி முடிவதற்குள் கடைக்குத் திரும்ப வேண்டும். நாள் குறிக்கலாம் என்று அவன் அப்பா பெரியசாமி இரண்டு தடவை ராமையா வீட்டுக்கு நடந்தார். முதல் தடவை ராமையா திருச்சியில் டோர்னமெண்ட். இரண்டாம் தடவை மதராஸிலிருந்து பந்துக்குள் வைக்கிற பிளாடர் வந்திருக்கிறது என்று ஸ்டேஷனுக்குப் போய்விட்டான். இந்த லீவுக்குள் முடியவில்லை என்றால் வேறு பெண் பார்த்துக்கொள்கிறேன் என்று பெரியசாமி சொல்லி அனுப்பிவிட்டார். பொன்னுவின் கழுத்தில் ஒரு தாலியைப் பார்த்துவிட வேண்டும் என்பது ஆத்தாளின் கடைசி ஆசை. பார்க்காமலே போய்விட்டாள்.

மதுரை ஸ்டேஷனில் இறங்கினால் ராமையா இல்லை. வாட்டசாட்டமாக ஒரு வாலிபன் வந்து சலாம் வைத்தான். டீமுக்குக் கேப்டன், பெயர் காசிம், பெரிய பள்ளிவாசல் பக்கத்தில் வீடு.

"கோச் சார் ப்ராக்டிஸ்ல இருக்காரும்மா. தைக்கக் குடுத்த நெட்டை வாங்கிட்டு, அப்படியே உங்களையும் கூட்டியாரச் சொன்னாரு" என்றான்.

வலை முதலில், நான் பிறகு. ஜட்காவிலும் அதே வரிசைதான். சுருட்டிய வலை வைக்கோல் மெத்தையில் சாய்ந்து படுத்துக்கொண்டது. நான் ஓரத்தில் ஒண்டிக்கொண்டேன். வண்டிக்காரர் திரும்பிப் பார்த்து, "ஆத்தா, நல்லா உள்ள தள்ளி உக்காருங்க" என்றார். "அதை நகத்தக் கூடாதுண்ணே, முடிச்சு விழுந்துரும்" என்றான் காசிம். எனக்கு முடிச்சு விழுந்தால் பரவாயில்லை போலிருக்கிறது.

நல்ல பையன்தான். வழியில் வண்டியை நிறுத்தி எனக்குப் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தான். பருத்திக் கொட்டையை ஆட்டிப் பால் எடுத்து, கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் காய்ச்சியது. மாத்தளையில் எத்தனை தேத்தண்ணி குடித்தாலும் இந்தச் சூடு நெஞ்சில் இறங்காது. இரண்டாவது டம்ளர் கேட்க வெட்கமாக இருந்தது. அவனே வாங்கி நீட்டினான்.

வைகையில் தண்ணீரைத் தேடினேன். மணலில் சலவைக்காரர்கள் குழி தோண்டித் துவைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கம் மழையை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல் தவிக்கிறோம். இங்கே ஆற்றுக்குப் பாலம் மட்டும் இருக்கிறது.

தம்பி வீடு விளாங்குடியில், திண்டுக்கல் ரோட்டை ஒட்டி. உள்ளே நுழைந்தால் எங்கு பார்த்தாலும் கோப்பை. பார்த்து மலைத்துப் போனேன். கிட்டே போனால் ஒன்றில் புளி, ஒன்றில் கடுகு, ஒன்றில் கல் உப்பு. மாவட்டமே திரண்டு பார்த்த ஆட்டத்தில் வாங்கிய பெரிய கோப்பையில் வடகம். தம்பி பெண்டாட்டி அழகம்மாள் சிரித்தாள்.

"என்ன மதினி பண்ணுறது. வருசா வருசம் கப்பு வருது, ஒரு டப்பா வர மாட்டேங்குது."

பொழுது சாய்ந்து ராமையா வந்தான். அரை டிரவுசர், தொப்பி, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் விசில். "வாக்கா, நெட் வந்துச்சா?" என்றான். பிறகு என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். பாசம் இல்லாதவன் என்று சொல்ல மாட்டேன். வரிசையில் எனக்குக் கொஞ்சம் பின்னால் இடம், அவ்வளவுதான்.

அந்த வீட்டில் யாரையும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அவன் விசில் ஒரு தடவை ஊதினால் குடிக்கத் தண்ணீர். இரண்டு தடவை ஊதினால் சாப்பாடு. நீளமாக ஊதினால் துண்டு. ஊதி முடிப்பதற்குள் பொன்னு வந்து நிற்பாள். பொன்னு வளர்ந்த பெண், கண் மட்டும் பேசும். வாய் கூசுகிற சங்கதியில் அவள் என்னைக் கொண்டு பிறந்தவள்.

சாப்பிடும்போது தன் உத்தியோக வரலாற்றை ராமையா சொன்னான். மதராஸில் வெள்ளைக்காரர் ஒருவரிடம் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு வந்தது, மதுரையில் முதன்முதலாகக் கட்டிய வலையை யாரோ கோழி பிடிக்க அவிழ்த்துக்கொண்டு போனது, துரை பிரின்சிபால் கை குலுக்கியது. துரை கை குலுக்கினதை இரண்டு தடவை சொன்னான்.

"எல்லாத்துக்கும் மூலம் டிசிப்ளின்க்கா. ஒருதடவ ரெஃப்ரி தப்பா ஊதிட்டாருன்னு நம்ம பய ஒருத்தன் எதிர்த்துப் பேசிட்டான். நானே உள்ள போயி அவன அறைஞ்சேன். ரெஃப்ரி ஊதுனா ஊதுனதுதான். ஊதுன ஊத்தத் திரும்ப உள்ள இழுக்க முடியாது."

"கல்யாண நாள் குறிக்கணுமேப்பா" என்றேன் மெல்ல.

"குறிப்போம்க்கா, குறிப்போம். பைனல் முடியட்டும்."

மறுநாள் காலையில் என்னையும் மைதானம் பார்க்க அழைத்துப் போனான். புதிதாக வந்தவர்களுக்கு ஊரில் கோயில் காட்டுவார்கள். எனக்கு இரண்டு சவுக்குக் கம்பத்தைக் காட்டினான். எங்களுக்கு முன்பே பொன்னு அங்கே இருந்தாள், இடுப்பில் குடத்தோடு. புழுதி அடங்க மைதானம் முழுக்கத் தண்ணீர் தெளிப்பது அவள் வேலை. பையன்களின் பனியன் துவைப்பதும் கிழிந்ததைத் தைப்பதும்கூட. சண்டை முடிந்தும் அரிசிக்கு ரேஷன் சீட்டு ஒழிந்தபாடில்லை. வீட்டு அரிசி டீமுக்குக் கஞ்சியாகப் போகிறது, வீட்டில் பெண்களுக்குக் கம்பங்கூழ். "எனக்குக் கம்புதான் ஒத்துக்கிடும் மதினி" என்றாள் அழகம்மாள். ஒத்துக்கொள்ளாமல் என்ன செய்யும்.

மைதானத்து ஓரத்தில் பெரிய வேப்பமரம். மரம் கொள்ளாமல் காக்கை. ராமையா விசிலை வாயில் வைத்து ஊதினான். பையன்கள் ஒரு பக்கம் ஓடினார்கள், காக்கைகள் ஒரு பக்கம் பறந்தன. மரத்தில் ஒன்று மிச்சமில்லை.

"பந்து மேல எச்சம் போடுதுன்னு பழக்கி வச்சிருக்கேன்க்கா. விசிலக் கேட்டா ஒண்ணு நிக்காது" என்றான். அதிலும் அவனுக்கு ஒரு பெருமை.

பையன்கள் குதிக்கிற குதியைச் சும்மா சொல்லக் கூடாது. வலைக்கு மேலே இடுப்பு வரைக்கும் எழும்பி, பந்தை அறைந்தார்கள். காசிம் அறைந்த ஒரு பந்து என் காலடியில் விழுந்தபோது நான் பிள்ளையாரை நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் பெரியசாமி வந்தார். முண்டாசும் வெற்றிலைச் சிவப்புமாக, வாசலில் நின்றே பேச ஆரம்பிக்கிற மனிதர். ஜல்லிக்கட்டுக் காளை வளர்க்கிறவர். அதை அவர் சொல்ல வேண்டியதில்லை, நிற்கிற தோரணையே சொன்னது.

"என்ன மாப்ள, இன்னைக்காவது வீட்டுல இருக்கீகளே. பொண்ணக் கேக்க வந்தா எப்பப் பாத்தாலும் பந்தக் காட்டுறீக."

"உக்காருங்க மாமா. நம்ம டீம் இந்த வருசமும்..."

"தெரியும், தெரியும். எங்க ஊர்ப் பக்கம் மாட்ட அணையிற பயலுகளாப் பாத்துப் பொறுக்கிட்டு வந்து, வலையத் தாண்டக் குதிங்கடான்னு விட்டிருக்கீக. அவன் குதிப்பான். மாலை மட்டும் ஒங்களுக்கு."

ராமையாவின் முகம் சுருங்கியது. டீமில் பாதிப் பேர் அந்தப் பக்கத்துப் பையன்கள்தான். ஆனால் அவர்கள் குதிப்பது தன் டிசிப்ளினால் என்று அவன் நம்புகிறான். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "பைனல் வெள்ளிக்கிழமை. அதுக்கப்புறம் நாளப் பாப்போம்" என்றான்.

"வெள்ளிக்கிழமை ஒங்க ஆத்தா திதியில்ல?"

ராமையாவுக்கு அது தெரியும். புரோகிதரிடம் போய், திதியை ஒரு நாள் தள்ளி வைக்க வழி உண்டா என்று கேட்டே விட்டிருக்கிறான். "நான் ஒத்துண்டாலும் சந்திரன் ஒத்துக்கணுமே" என்றாராம் அவர். அதன்பேரில் தம்பி ஒரு திட்டம் போட்டிருந்தான். எங்களை உட்கார வைத்து, கரிக்கட்டியால் தரையில் கோடு கிழித்து விளக்கினான். வைகையில் தர்ப்பணம் விடியற்காலையில். படையல் மைதானத்து வேப்பமரத்தடியில். திதிச் சாப்பாடுதான் டீமுக்கு மத்தியானச் சாப்பாடு. சாயங்காலம் பைனல்.

"ஒரு சமையல், ரெண்டு காரியம்" என்றான்.

"ஆத்தாளுக்குப் போடுற சோத்துல டீமையும் முடிச்சுப்புட்டீகளா" என்றார் பெரியசாமி. "நானும் வாரேன் மாப்ள. இதப் பாக்காம விடக் கூடாது."

வெள்ளிக்கிழமை தர்ப்பணம் சரியாகவே நடந்தது. அதற்குப் பிறகு சோறு, சாம்பார், வடை, பருப்புப் பாயசம் எல்லாவற்றையும் அண்டாக்களில் ஏற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றோம். பெட்ரோல் கிடைக்காததால் இப்போது அங்கே பஸ் கரியில் ஓடுகிறது. பின்னால் ஒரு பெரிய பீப்பாய், அதில் அடுப்புக்கரி. ஒரு ஆள் இறங்கி நின்று துருத்தியைச் சுற்றினால் வண்டி இருமிக்கொண்டு கிளம்பும். எங்களுக்கு வந்த பஸ் இருமியது, கிளம்பியது, புளியமரத்தடியில் நின்றுவிட்டது. "எல்லாரும் எறங்கித் தள்ளுங்க, பொம்பளையாளுக மட்டும் உக்காருங்க" என்றான் கண்டக்டர். பெரியசாமி முண்டாசை இறுக்கிக்கொண்டு தள்ளினார். புரோகிதர் கொஞ்சம் தள்ளுவதுபோல் கை வைத்தார்.

வண்டி நகரவில்லை. வடை வாசனைக்குப் புளியமரத்தில் காக்கைகள் வந்து கூடின. ஒன்று அண்டா மூடியிலேயே உட்கார்ந்து என்னைப் பார்த்தது.

"மாப்ள, இம்புட்டுக் காக்கா நிக்குது. இங்கனயே எலையப் போட்டு வச்சுருவோம்" என்றார் பெரியசாமி மூச்சு வாங்க.

"பிளான மாத்தக் கூடாது மாமா" என்றான் ராமையா.

மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சிப்பொழுது. பையன்கள் காலையில் கஞ்சிகூடக் குடிக்கவில்லை. விருந்துக்கு வயிற்றைக் காலியாக வைத்திருங்கள் என்று கோச் உத்தரவு. வேப்பமரத்தடியில் இலை போட்டு, சோறு பிசைந்து, வடை வைத்து, ராமையா கையைத் தட்டிக் "கா கா" என்றான்.

மரம் காலி. தூரத்தில் ஹாஸ்டல் கூரை மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒன்றும் அசையவில்லை. ராமையா இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டான். பிறகு, பழக்கம் யாரை விட்டது, விசிலை எடுத்து ஊதிவிட்டான். கூரையில் இருந்தவையும் பறந்து போயின.

"மாப்ள, அது காக்கா. ஒங்க டீமு இல்ல" என்றார் பெரியசாமி.

காக்கை எடுக்காமல் யாரும் சாப்பிட முடியாது. எங்கள் பக்கத்தில் காக்கை வராவிட்டால், போனவர்களுக்கு ஏதோ மனக்குறை என்று அர்த்தம். அது என்ன குறை என்று யோசித்து, தீர்த்து வைக்கிறேன் என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். சரியான குறையைச் சொன்னால் காக்கை வரும். மைதானத்தில் நின்ற அத்தனை பேருக்கும் ஆத்தாளின் குறை என்னவென்று தெரியும். ராமையாவுக்கும் தெரியும். அவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"ஆத்தா, இந்த வருசமும் கப்பு நமக்குத்தான். மனசக் கொழப்பிக்காம வந்து எடுத்துக்க."

காக்கை வரவில்லை.

"அடுத்த வருசமும் வாங்கிருவோம் ஆத்தா."

வரவில்லை.

"கிரவுண்டுக்குக் காம்பவுண்டு கட்டித் தரணும்னு துரைகிட்டப் பேசுறேன் ஆத்தா."

"எங்க அத்தைக்குக் காம்பவுண்டு இல்லாதது ஒண்ணுதான் கொறையாக்கும்" என்றாள் அழகம்மாள், பாயச அண்டாவைப் பார்த்துக்கொண்டு. அவள் அத்தனை சத்தமாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

வெயில் ஏறியது. பையன்கள் அண்டாவைப் பார்த்தார்கள், கோச்சைப் பார்த்தார்கள். ஒருவன் உட்கார்ந்துவிட்டான். காசிம் மெல்ல முன்னால் வந்தான்.

"சார், எங்க வீட்டுல இந்தப் பழக்கம் இல்ல. ஆனா உங்க அம்மா என்ன கேக்குறாங்கன்னு எனக்கே வெளங்குது சார். சொல்லிருங்க சார். பசங்களுக்குக் கண்ணு கட்டுது."

"டேய், யோசிக்க விடுங்கடா."

"யோசிங்க, யோசிங்க" என்றார் பெரியசாமி. "நான் வேணா வேற பொண்ணு வீட்டுக்குப் போயிட்டு வாரேன், அதுக்குள்ள யோசிச்சு வைங்க."

பொன்னு குடத்தை இடுப்பில் வைத்தபடி தரையைப் பார்த்து நின்றாள். மைதானத்துக்குத் தெளித்த தண்ணீர் காய்ந்துகொண்டிருந்தது. அவளுக்கு இது காக்கைக்காகக் காத்திருக்கிற வேளை இல்லை. இன்னும் எத்தனை வருஷம் இந்தக் குடம் என்று தெரிந்துகொள்ளக் காத்திருக்கிற வேளை.

ராமையா மகளைப் பார்த்தான். பையன்களைப் பார்த்தான். எந்தப் பக்கம் பார்த்தபோது மனசு இளகியது என்று நான் சொல்ல மாட்டேன், எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. கழுத்திலிருந்து விசிலைக் கழற்றினான். இலையில் சோற்றுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"ஆத்தா, இந்த விசில் மேல சத்தியம். பங்குனி மொத முகூர்த்தத்துல பொன்னுக்கும் வேலுவுக்கும் கல்யாணம். போதுமா? வா ஆத்தா."

எல்லாரும் பின்னால் தள்ளி நின்றோம். கொஞ்ச நேரம் சத்தமில்லை. எங்கிருந்தோ ஒரு காக்கை இறங்கியது. தத்தித் தத்தி வந்து முதலில் விசிலை ஒரு கொத்துக் கொத்திப் பார்த்தது. பிரயோசனமில்லை என்று தள்ளிவிட்டு வடையைத் தூக்கிக்கொண்டு போனது. பின்னாலேயே ஒரு கூட்டம்.

ஆத்தாதான் வந்தாள் என்று அழகம்மாள் கண்ணைத் துடைத்தாள். இத்தனை வருஷமாக விசிலுக்குப் பயந்த காக்கைகள், அது அவன் கழுத்தை விட்டு இறங்கிச் சத்தம் அடங்கியதும் வந்தன என்று எனக்குத் தோன்றியது. யாரிடமும் சொல்லவில்லை. இரண்டுக்கும் பெரிய வித்தியாசமும் இல்லை. ஆத்தாளும் அந்தச் சத்தத்துக்குப் பயந்தவள்தான்.

பிறகு பையன்கள் சாப்பிட்டார்கள். அப்படி ஒரு சாப்பாட்டை நான் கல்யாண வீட்டிலும் பார்த்ததில்லை. பாயசம் மூன்றாம் தடவை சுற்றி வந்தது. "போதும்டா, போதும்டா" என்று ராமையா வரிசை நெடுகக் கத்திக்கொண்டு ஓடினான். கையில் விசில் இல்லாததால் ஒருவனும் காதில் வாங்கவில்லை. விசிலைக் கழுவக் கொடுத்திருந்தான்.

பைனலைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. எதிராளிகள் தெற்கேயிருந்து வந்த ஒரு காலேஜ். மெலிந்த பையன்கள், மத்தியானம் ஆளுக்கு இரண்டு இட்லியோடு எழுந்தவர்களாம். அவர்கள் குதித்தார்கள். நம் ஆட்கள் குதிக்கப் பார்த்தார்கள். காசிம் குதித்தான், வயிறு அவன் கூட வரவில்லை. பந்து வலையில் போய்ப் படுத்துக்கொண்டது. பக்கத்தில் நின்ற ஒருவர், "என்னப்பா இது, மதுரக் காலேஜு பயலுக புள்ளத்தாச்சி மாதிரி நடக்குறானுக" என்றார். ராமையா ஊதினான், கத்தினான், தொப்பியைத் தரையில் அடித்தான். ரெஃப்ரி கடைசி விசில் ஊதினார். கோப்பை தெற்கே போய்விட்டது.

கூட்டம் கலைந்த பிறகு ராமையா கம்பத்தில் சாய்ந்து நின்றான். நாங்கள் அண்டாக்களைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தோம். அவன் எங்கள் பக்கம் திரும்பினான். விசில் மறுபடி கழுத்தில் இருந்தது.

"மாமா, தப்பா நெனைக்காதீங்க. இந்த அவமானத்தோட நான் எப்படிப் பந்தல் போடுறது? கப்ப மீட்டுட்டு அடுத்த வருசம் வச்சுக்குவோம். ஆத்தாகிட்ட மொதல்ல கப்பு வரும்னுதான சொன்னேன். அதுவே வரல. அப்ப அந்தச் சத்தியமும் தள்ளிப் போனதுதான."

பெரியசாமி முண்டாசை உதறிக் கட்டினார். அவர் கிளம்பினால் திரும்பி வர மாட்டார் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. பொன்னு கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். அழகம்மாள் என்னைப் பார்த்தாள். சுற்றிலும் பையன்கள், புரோகிதர், பெரியசாமி, யாரென்று தெரியாத வேறு ஆம்பளைகள். அத்தனை பேரையும் மீறி ஒரு குரல் வந்தது. என்னுடையது என்று எனக்கே கொஞ்சம் பிந்தித்தான் தெரிந்தது.

"தம்பி, காக்கா தின்னிருச்சு."

அவன் திரும்பினான்.

"நீ மொதல்ல சொன்னதுக்கு அது வரல. கப்புன்ன, வரல. காம்பவுண்டுன்ன, வரல. கல்யாணம்னதும் வந்து தின்னுட்டுப் போயிருச்சு. ரெஃப்ரி ஊதுனா ஊதுனதுதான்னு சொல்லுவியே. ஊதுன ஊத்தத் திரும்ப இழுக்க முடியாதுன்னா, தின்ன சோத்த மட்டும் எப்படிப்பா இழுப்ப?"

சொல்லிவிட்டு அண்டாவைப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மா சொல்லுறது ரூல்தான் சார்" என்றான் காசிம்.

தன் டீம் எதிரில், தன் ரூலை வைத்தே பிடிபட்டவன் என்ன செய்வான்? ராமையா என்னையே கொஞ்ச நேரம் பார்த்தான். எதிர்த்துப் பேசினதற்கு உள்ளே வந்து அறைவானோ என்றுகூட இருந்தது. கடைசியில் பெரியசாமியைப் பார்த்து, "மொத முகூர்த்தம் என்னைக்கு மாமா?" என்றான்.

"அப்புடி வாங்க மாப்ள" என்று பெரியசாமி முண்டாசை அவிழ்த்து மண்ணில் விரித்து, அதன் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். புரோகிதர் மடியிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்தார்.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. பந்தி பரிமாறியது முழுக்க டீம் பையன்கள். ஒரு இலையில் ஒரு துளி சிந்தவில்லை, டிசிப்ளினுக்கு அந்த மட்டில் பலன் உண்டு. பொன்னுவுக்குக் கொடுத்த சீரில் ஒரு கோப்பையும் இருந்தது. அழகம்மாள் வடகத்தைக் கொட்டிவிட்டுக் கழுவி வைத்திருந்தாள்.

புறப்படுகிற அன்று ராமையா ஸ்டேஷனுக்கே வந்தான். நேரத்துக்கு வந்தான். எனக்குப் பயமாகிவிட்டது, எதற்கோ அடிபோடுகிறான் என்று. பொன்னுவும் வேலுவும் பெட்டிகளைச் சரி செய்கிற சமயம் ஜன்னலருகே வந்து, மெல்லிய குரலில் கேட்டான்.

"அக்கா, இனிமே கிரவுண்டுக்குத் தண்ணி யாருக்கா தெளிக்கிறது?"

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. கண் கலங்கியிருந்தது. மகளுக்காகவா மைதானத்துக்காகவா என்று அவனுக்கே பிரித்துச் சொல்லத் தெரிந்திருக்காது. "நீ தெளிச்சுப் பாரு தம்பி" என்றேன். ஒரு தடவை பேசிவிட்டால் வாய் அடங்குவது கஷ்டம்தான்.

அப்போது கார்டு விசில் ஊதினார். நீள விசில்.

பொன்னு சட்டென்று எழுந்தாள். கைக்கு எட்டிய துண்டை எடுத்து ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள். கீழே நின்ற ராமையா, அவனும் யோசிக்கவில்லை, வழக்கம்போல் வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டான். வண்டி நகர்ந்தது. துண்டும் கையுமாக அவன் பின்னால் போய்க்கொண்டே சின்னதானான்.

"உக்காரு பொன்னு" என்றேன். "அது வண்டிக்கு ஊதினது."

அவள் உட்கார்ந்தாள். போனது மாப்பிள்ளைக்குச் சீராக வைத்த புதுப் பட்டுக்கரைத் துண்டு. வேலு அதைப் பார்த்தான். மானாமதுரை தாண்டுகிற வரைக்கும் ஒன்றும் கேட்கவில்லை. தாண்டிய பிறகு தாகம் என்றான். பொன்னு எழப் போனாள். அவன் அவளை உட்காரச் சொல்லிவிட்டு, செம்பை எடுத்துக்கொண்டு அடுத்த ஸ்டேஷனில் தானே இறங்கிப் போனான்.